அவ்வாவின் தாலாட்டு

பெண்ணாடத்திற்கு அருகே, வெள்ளாற்றுச் சமவெளியில் நெல்லும் கரும்பும் விளையும் சிற்றூர் எங்களுடையது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்தோரின் வழிவந்த தெலுங்குக் குடும்பங்களே இங்குப் பெரும்பான்மை. வயலில் தமிழ், வீட்டில் தெலுங்கு. வெளியே 'தண்ணீர்' என்பது வாசற்படி தாண்டியதும் 'நீள்ளு' ஆகிவிடும். எங்களைப்போல் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 42 லட்சம் பேர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எழுத்தறியாத என் அவ்வா, அதாவது பாட்டி, தம் தாலாட்டை எழுதிவைக்கச் சொன்னார். தெலுங்கு எழுத்து எனக்குத் தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதிப் படித்துக் காட்டினேன். அம்மொழியின் நான்கு ககரங்களுக்கும் என்னிடம் ஒரே எழுத்துத்தான்! யாருடைய பாட்டு இது என்று கேட்டுச் சிரித்தார் அவ்வா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நண்பர்களே, இவ்விடுமுறையில் தெலுங்கு அரிச்சுவடியைத் தொடங்குகிறேன். அவர் இருக்கும்போதே அப்பாட்டைப் பிழையின்றி எழுதிவிட வேண்டும்.