மம்பட்டிக்குப் புதுக் காம்பு

மம்பட்டின்னா டவுன்ல இருக்கிறவங்க மண்வெட்டின்னு எடுத்துக்குங்க. அதோட மரப்பிடியைத்தான் நாங்க காம்புன்னு சொல்றது. காம்பைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு நெனைக்கிற ஆளாத்தான் நானும் இருந்தேன், போன தை மாசம் வரைக்கும்.

தை மாசம் ஒரு ராத்திரி, மணி ரெண்டு இருக்கும். முழிப்பு வந்து பார்த்தா, வீட்டுக்காரி கட்டில்ல உட்கார்ந்து வலது கையை உதறிக்கிட்டு இருக்கா. காய்ச்சல் பார்க்கிற தர்மாமீட்டரை நர்ஸம்மா உதறுவாங்களே, அந்த மாதிரி. என்னன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, மரத்துப் போச்சு, படுங்க"ன்னா. எத்தனை நாளா இப்படின்னு கேட்டா, ஐப்பசியில இருந்துங்கிறா. மூணு மாசமா பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியல.

டாக்டர் பார்த்துட்டு, மணிக்கட்டுல நரம்பு அழுந்துதுன்னு சொன்னார். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரக்கும், சுண்டுவிரல் நல்லா இருக்கும், அதுதான் அடையாளமாம். ராத்திரி தூங்கும்போது மணிக்கட்டு மடங்காம இருக்க ஒரு பட்டை கொடுத்தார். "எதையும் இறுக்கிப் பிடிச்சு செய்யற வேலையைக் குறைச்சுக்குங்கம்மா"ன்னார். அவ சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்து, மறுநாள் காலையில மம்பட்டியை எடுத்துக்கிட்டு வெங்காயக் காட்டுக்குப் போயிட்டா.

வேற என்ன செய்வா? எங்க பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம்தான் பிழைப்பு. பாத்தி கட்டி, வாய்க்கால் வெச்சுத் தண்ணி பாய்ச்சணும். ஒரு பாத்தி நிறைஞ்சதும் அந்த மடையை மண்ணு போட்டு அடைக்கணும், அடுத்த பாத்தி மடையை வெட்டித் திறக்கணும். எங்க 70 சென்ட்டுல 130 பாத்தி இருக்கு. ஒரு பாத்திக்கு வெட்டுறதும் அடைக்கிறதுமா அஞ்சாறு கொத்துன்னு வெச்சாக்கூட, ஒரு தண்ணிக்கு எழுநூறு கொத்து ஆகுது. அதுவும் ஈரக்கையோட. மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்ட்டு பாதி நாள் ராத்திரியிலதான். ஒருத்தர் மடை பார்த்தா ஒருத்தர் தூங்கலாம்னு முறை வெச்சிருந்தோம். ஆளு வெச்சுப் பாய்ச்சுற அளவுக்கு வெங்காயம் விலை இல்லை.

வேலையைக் குறைக்க முடியாது, காம்பையாவது நல்லதா ஆக்கிடலாம்னு இறங்கினேன். மொதல்ல பழைய சைக்கிள் டியூப்பைக் கிழிச்சு, காம்பு மேல இறுக்கமா சுத்திக் கொடுத்தேன். மெத்து மெத்துன்னு இருக்கும்னு என் நெனப்பு. நாலு நாள்ல அவ உள்ளங்கையில கொப்புளம் வந்துருச்சு. ரப்பருக்குள்ள வேர்வை தங்கி, தோலு ஊறி, உரியுது. அதுக்கும் மேல ஒரு கேடு இருந்தது, அது அப்ப எனக்குப் புரியல. ரப்பர் சுத்தினதுல காம்பு இன்னும் தடிச்சுப் போச்சு.

அடுத்து டவுன்ல இரும்புக் கடையில பைப் காம்பு 180 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். பார்க்க வழவழன்னு இருந்தது. பத்து மணி வெயில்ல அதைத் தொட முடியல. ஒரு கல்லுல பட்டுச்சுன்னா அதிர்ச்சி நேரா முழங்கைக்கு வருது. மரம் அந்த அடியைப் பாதி தானே வாங்கிக்கும், இரும்பு அப்படியே கைக்குத் தள்ளிவிடுது. ரெண்டாம் நாளே அவ அதைக் கழட்டி வைக்கச் சொல்லிட்டா. இப்ப கன்னுக்குட்டி கட்டுற முளைக்குச்சியா இருக்கு.

கடைசியிலதான் ஆசாரிகிட்ட போனேன். எழுபது வயசு தாண்டினவர், எங்கப்பாவுக்கே ஏர் செஞ்சு கொடுத்தவர். காம்பு ஒண்ணு நல்லதா வேணும்னேன். பழசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை ரெண்டு பேரு பிடிக்கிறீங்க போல"ன்னார். எப்படித் தெரியும்னு கேட்டேன். காம்புல கை படுற இடம் தேஞ்சு பளபளன்னு ஆகும். நுனியில ஒரு பளபளப்பு, அது நான். அதுக்கு ஒரு சாண் கீழே, இரும்புப் பக்கமா, இன்னொரு பளபளப்பு. இருபத்தேழு வருஷமா தினம் பிடிக்கிற சாமான், அந்த ரெண்டாவது பளபளப்பை நான் கவனிச்சதே இல்லை.

"யாரு கைக்கு வேணும்?"

"வீட்டுக்காரிக்கு அண்ணே."

"அப்ப நீ எதுக்கு வந்தே? அதை வரச் சொல்லு."

மறுநாள் ரெண்டு பேரும் போனோம். அவர் பட்டறைக்கு முன்னாடியே மண்ணைக் கொத்தச் சொல்லிப் பார்த்தார். வேடிக்கை பார்க்க ரெண்டு பசங்க வந்து நிக்க, அவளுக்கு ஒரே கூச்சம். அப்புறம் ஆசாரி சொன்னதை என் பாஷையில எழுதறேன். இரும்பு அவளுக்குக் கனம். அதனால நுனியைப் பிடிச்சா தூக்க முடியல, கீழே பிடிக்கிறா. கீழே பிடிச்சா இன்னும் குனியணும், இடுப்பு போகுது. காம்பு என் கைக்கு இழைச்சது, அவ விரல் முழுசா சுத்தி வரல. விரல் சுத்தி வராத சாமானை நழுவ விடாம பிடிக்கணும்னா இறுக்கித்தான் பிடிக்கணும். டாக்டர் எதைச் செய்யாதேன்னாரோ, அதைத்தான் காம்பு அவளைச் செய்ய வெச்சிருக்கு. அதுக்கு மேல நான் ரப்பரைச் சுத்தி விட்டேன்.

இன்னொண்ணும் சொன்னார். உருண்டைக் காம்பு கையில உருளும். மம்பட்டி ஒரு பக்கமா மண்ணுல பட்டா திருகப் பார்க்கும், அதைத் தடுக்கவும் கை இறுகும். அதனால பிடிக்கிற இடத்தை முட்டை வாட்டமா இழைக்கணும். கோடாலிக் காம்பு அப்படித்தானே இருக்கு, மம்பட்டிக்கு மட்டும் ஏன் யாரும் செய்யறதில்லைன்னு கேட்டேன். "யாரு கேக்குறீங்க? இருக்கிற விறகுல ஒண்ணை மாட்டிக்கிட்டுப் போறீங்க"ன்னார்.

மரம் எங்க காட்டு வரப்புல இருந்த கருவேலம். சீமைக்கருவேல் இல்லை, நாட்டுக் கருவேல். அடி தாங்கும், சட்டுன்னு பிளக்காது. முன்ன ஒரு தடவை வெட்டினதுல ஒரு கட்டை மாட்டுக் கொட்டகை எரவாணத்துல ஒரு வருஷமா நிழல்ல காஞ்சு கிடந்தது. பச்சை மரத்துல காம்பு போட்டா, காய்ஞ்சதும் சுருங்கி இரும்புல ஆட்டம் கொடுக்கும். வெயில்ல போட்டுக் காய வெச்சா முனையில வெடிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். தெரியாதது கையளவு.

அதுக்கு அவர் டேப்பு எடுக்கல. நாலஞ்சு குச்சியை மாத்தி மாத்திக் கொடுத்து, மூடிப் பிடிக்கச் சொன்னார். கட்டைவிரல் நுனி நடுவிரல் நகத்தைத் தொடணும், அதுதான் கணக்கு. மூணாவது குச்சி சரியா வந்தது. என் காம்பை விட அது அரை விரற்கடை மெலிசு. நீளத்தை மூணு அங்குலம் கூட்டினார், குனியறது குறையட்டும்னு. வாச்சியால செதுக்கி, இழைப்புளி போட்டு, கடைசியா உடைஞ்ச கண்ணாடித் துண்டால சுரண்டினார். உப்புத்தாளை விடக் கண்ணாடி நல்லா வழிக்கும், பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்தது. தலைப்பக்கம் தடிமன், வால் பக்கம் மெலிசு. வாலை இரும்புக் கண்ணுல விட்டு இழுத்தா தலையில வந்து இறுகிக்கும். வார்னிஷ் வேண்டாம், வழுக்கும்னுட்டார். வேப்பெண்ணெய் தடவி ரெண்டு நாள் வெச்சிருந்தேன். கூலி 250 ரூபாய்.

இரும்புக்கு என்ன செய்யறதுன்னு யோசிச்சப்ப அவதான் சொன்னா, "பரண்ல மாமா மம்பட்டி கிடக்குதுங்களே"ன்னு. எங்கப்பா வெட்டி வெட்டி பாதியாத் தேஞ்சு போனது. பழைய இரும்புக்குப் போட மனசு வராம வெச்சிருந்தேன். எடை போட்டா 1 கிலோ 100 கிராம். நான் பிடிக்கிறது 1 கிலோ 800. கொல்லர் பட்டறையில வாயைக் காய்ச்சி அடிச்சு, கூர் பண்ணி, அதுலயே புதுக் காம்பை மாட்டினோம். ஒரு கொத்துக்கு மண்ணு கொஞ்சமாத்தான் வரும், கூட ரெண்டு கொத்து போட வேண்டியிருக்கு. இருந்தாலும் மடை வேலைக்கு அது போதும்.

இப்ப நாலு மாசம் ஆகுது. வலி முழுசாப் போயிடுச்சுன்னு சொன்னா பொய். வேலை அதிகமான நாள்ல ராத்திரி இன்னும் கையை உதறுறா. முன்ன தினம், இப்ப வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள். அது காம்பாலயா, பட்டையாலயா, ராத்திரி மடையை நானே பார்த்துக்கிறதாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அவ நுனியைப் பிடிச்சுத்தான் கொத்துறா, அது மட்டும் கண்ணால பார்க்கிறேன்.

களை எடுக்க வந்த ரெண்டு பொம்பளைங்க அதை வாங்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, ஆசாரி வீட்டை விசாரிச்சுக்கிட்டுப் போனாங்க. போன வாரம் அவசரத்துக்கு நான் அதை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். எனக்குக் கை நெறையாம ஒரு மாதிரி இருந்தது. பின்னாடியே வந்து, "உங்களுது அந்தா கிடக்குது, அதை எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னு வாங்கிக்கிட்டா.

அடுத்து அருவாப் பிடி. அதையும் நான்தான் என் கைக்குப் போட்டிருக்கேன்.