அளந்து போடும் துளை

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். மரத்தில் துளை போடுபவருக்கு இது அப்படியே பொருந்தும்.

கல்லூரி விடுமுறையில் ஒரு மாணவன் தங்கைக்குப் புத்தக அலமாரி செய்ய உட்கார்ந்தான். 18 மி.மீ. பலகை. பலகைகளை இணைக்க 8 மி.மீ. தடிமன், 30 மி.மீ. நீளத்தில் டோவல் என்னும் மரக்குச்சிகள். பக்கப் பலகையில் 12 மி.மீ. ஆழம், தட்டின் விளிம்பில் 20 மி.மீ. ஆழம். மொத்தம் 32. மிச்சம் 2 மி.மீ. பசைக்கு. கணக்கு சரிதான்!

ஏழு துளைகள் ஒழுங்காக வந்தன. எட்டாவதில் கை கொஞ்சம் அழுத்திவிட்டது. பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. வெளியே தெரியும் பக்கம் அது.

பக்கத்துத் தெருத் தச்சர் வந்து பார்த்தார். "காலர் போடலையா தம்பி?" என்றார்.

"அப்படின்னா என்னண்ணே?"

பெட்டியிலிருந்து ஒரு சின்ன இரும்பு வளையத்தை எடுத்துக் காட்டினார். டெப்த் ஸ்டாப் காலர் என்பது இதுதான். 8 மி.மீ. பிட்டுக்கு 8 மி.மீ. வளையம் வேண்டும். ஆழத்தை அளந்து பிட்டில் மாட்டி, பக்கவாட்டில் உள்ள திருகை ஆலன் கீயால் முறுக்க வேண்டும். வளையம் பலகையைத் தொட்டதும் பிட் அதற்கு மேல் இறங்காது.

மாணவன் உடனே மாட்டிக்கொண்டு பலம் கொண்ட மட்டும் அழுத்தினான். தச்சர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வளையத்தை நம்பி அழுத்தாதே தம்பி. திருகு லூசானா அது மேலே ஏறிடும். 12 வேணுங்கிற இடத்துல 16 போயிடும்."

வளையத்துக்குச் சற்று மேலே, பிட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். வளையம் நகர்ந்தால் கோடு மறைந்துவிடும். எவ்வளவு எளிய வழி!

இன்னும் சில விஷயங்களும் உண்டு. வளையத்தின் அடியில் மரத்தூள் சேர்ந்தால் துளையின் ஆழம் குறையும். குச்சி முழுதாக இறங்காது, மூட்டு சேராது. எனவே பிட்டை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும். வளையம் தொட்ட பிறகும் சுற்றவிட்டால் பலகையில் வட்டத் தழும்பு விழும். நடுவில் கூர்முனை உள்ள பிட்டில், அந்த முனை துளையைவிடச் சற்று ஆழமாக இறங்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் துளையைக் கழிவுக் கட்டையில் போட்டுப் பார்ப்பது நல்லது.

வளையம் இல்லையென்றால் பிட்டில் டேப் சுற்றலாம். ஆனால் அது ஆழத்தைக் காட்டுமே தவிர, கையை நிறுத்தாது.

அலமாரி முடிந்தது. எட்டாவது ஓட்டையில் ஒரு குச்சியைப் பசை தடவி அடித்து, மட்டமாகத் தேய்த்துவிட்டான். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அவனுக்கு மட்டும் தெரியும்.

வளையம் கையைத்தான் நிறுத்தும். அளப்பதும் சரிபார்ப்பதும் நம் வேலை!