டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள்



வழக்கமாகப் பள்ளிக்கூட நினைவுகளை எழுதும் டீச்சர் இன்று கார் டயரைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. அதில் சில கார்கள் ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கிய கார்கள் என்று படங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். மழை முடிவதற்குள் படித்துவிடுங்கள்.

என் அண்ணன் மகன் பாளையங்கோட்டையில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய கார் ஒன்று வாங்கி, நாலு ஸ்பிரிங்கிலும் ஒவ்வொரு சுற்று வெட்டி இறக்கிவிட்டான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையாது.

"எப்படி இருக்கு அத்தே?" என்றான்.

"அழகாத்தாம்லே இருக்கு. ஸ்பீடு பிரேக்கர் வந்தா என்ன செய்வ?"

"சாய்ச்சு ஏத்திருவேன் அத்தே."

ஐப்பசி கடைசியில் அவன் பிள்ளைக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போவதாக ஏற்பாடு. அண்ணி, நான், பத்து மாதக் கைப்பிள்ளை எல்லாரும் அந்தக் காரில்தான் போவதாக இருந்தது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று வீல் அலைன்மென்ட் கடைக்குக் கிளம்பினான். அந்தக் கடைக்காரர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். பார்த்து வருஷக்கணக்காச்சே என்று நானும் கூடப் போனேன்.

வண்டியை மேலே தூக்கியதும் அவர் கூப்பிட்டார். "டீச்சர், இங்க வந்து பாருங்க."

முன் டயரின் வெளிப்பக்கத்தில் பள்ளம் நன்றாகவே இருந்தது. அளவுகோலில் நாலு மில்லிமீட்டர் காட்டியது. புது டயருக்கே எட்டு மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும் என்பதால், பாதி ஆயுள் மிச்சம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்புறம் டார்ச்சை உள்பக்கம் அடித்தார். அங்கே ரப்பரே இல்லை. இரண்டு விரல் அகலத்துக்கு வழுவழுவென்று தேய்ந்து, ஓர் இடத்தில் உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. அண்ணன் மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தினமும் வண்டியைத் துடைக்கிற பையன் அவன். ஆனால் நின்று துடைக்கிறவன் கண்ணுக்கு உள்பக்கம் தெரியாது.

ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதை உங்களுக்குப் பாடம் போலவே சொல்கிறேன்.

சக்கரத்துக்கு இரண்டு கோணங்கள் முக்கியம். முதலாவது கேம்பர். காரை முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பது. மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் அது நெகட்டிவ் கேம்பர். பாரம் டயரின் உள்விளிம்பில் விழும். காலைச் சாய்த்து நடப்பவர் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்வது போலத்தான். சுண்டல் வாங்கும் கூம்புப் பொட்டலத்தைத் தரையில் உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாமல் வட்டமடிக்கும். சாய்ந்த சக்கரமும் அப்படி வட்டமடிக்கப் பார்க்கும். நாம் அதை வலுக்கட்டாயமாக நேராக ஓட்டுகிறோம்.

இரண்டாவது டோ. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்பது. சிலர் பாதத்தை உள்ளே திருப்பி நடப்பார்கள், சிலர் வெளியே அகற்றி நடப்பார்கள் அல்லவா, அதுவேதான். சாய்வை விட இந்தத் திருப்பம்தான் டயரை வேகமாகத் தின்னும். இரண்டும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சரி, காரை இறக்கினால் இந்தக் கோணங்கள் ஏன் மாற வேண்டும்? சக்கரத்தின் அடிப்பாகத்தை ஒரு கை பிடித்திருக்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராட் என்கிற கம்பி வேறோர் இடத்தில் பிடித்திருக்கிறது. கார் கீழே இறங்கும்போது இரண்டும் காம்பஸ் முனை போல வளைந்து நகரும். கையின் நுனி வெளியே தள்ளப்பட்டால் சக்கரத்தின் அடி வெளியே போய், மேல்பக்கம் உள்ளே சாயும். டை ராட் வரையும் வில்லும் கை வரையும் வில்லும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசம் சக்கரத்தைத் திருப்பிவிடும். கம்பெனிக்காரர்கள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத்தான் இதையெல்லாம் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். உயரத்தை மாற்றினால் கணக்கும் மாறும்.

கணினியில் வந்த தாளைக் காட்டினார். இடது சக்கரம் உள்ளே 1 டிகிரி 40 மினிட் சாய்வு. ஒவ்வொரு சக்கரமும் வெளியே 30 மினிட் திருப்பம்.

"ஒரு டிகிரிக்கு அறுபது மினிட் டீச்சர். எங்க தொழில் பூரா அந்த அறுபதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

கோணமானியைத் தலைகீழாக வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பையன் சொல்கிறான்! எனக்கு அந்த இடத்திலேயே மனது நிறைந்துவிட்டது.

30 மினிட் என்றால் அரை டிகிரி. அது ஒரு பெரிய விஷயமா என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அரை டிகிரி திரும்பிய சக்கரம் ஒரு கிலோமீட்டர் நேராக ஓடினால், சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டில் உரசியதற்குச் சமம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். போகும் வழியில் மட்டும் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த டயரை ரோட்டில் குறுக்கே தேய்த்தது போல. நோட்டில் அழிரப்பரைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மழையில்தான் இதில் பெரிய ஆபத்து. டயரின் பள்ளம் இருப்பதே தண்ணீரை வெளியே தள்ளத்தான். பள்ளம் இல்லாத இடத்தில் தண்ணீர் அடியில் தங்கி, சக்கரம் ரோட்டைத் தொடாமல் வழுக்கும். பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. நூல் தெரியும் டயர் வெயிலிலேயே வெடிக்கக்கூடியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு வேண்டாம், அரைமணி நேர மழைக்கே அந்த ரோட்டில் சில இடங்களில் தண்ணீர் நிற்கும். அந்த வழியில்தான் கைப்பிள்ளையோடு போக இருந்தோம்.

அண்ணன் மகன் இறங்கி வரவில்லை. "புது டயர் போட்டு, அலைன்மென்ட் பண்ணிக் குடுங்கண்ணே, போதும்" என்றான்.

கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். "டோவை நேர் பண்ணிருவேன் தம்பி. இந்த மாதிரி சின்ன வண்டியில கேம்பரத் திருப்ப கம்பெனி வழி வைக்கல. தனியா போல்ட் வாங்கிப் போட்டாலும் கொஞ்சம்தான் நிமிரும். வெட்டுன ஸ்பிரிங்க என்ன செய்ய? சுத்து குறைஞ்சா விறைப்பு கூடும். பள்ளத்துல விழுந்தா அடியில போய் இடிக்கும். சக்கரம் தொங்குற நேரத்துல ஸ்பிரிங் இருக்கிற இடத்த விட்டு விலகவும் செய்யும். அலைன்மென்ட் அதுக்கு மருந்து இல்ல."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனே, "அத்தே, நாம ரயில்ல போயிருவோமா?" என்றான். அப்படியே செய்தோம். திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறி, ஜன்னலோரம் பிள்ளையை வைத்துக்கொண்டு நல்லபடியாகப் போய் மொட்டை போட்டு வந்தோம். அடுத்த வாரம் வெட்டாத ஸ்பிரிங் நாலும் மாற்றி, முன்னால் இரண்டு புது டயரும் போட்டு, அதன் பிறகு அலைன்மென்ட் செய்தான். செலவு அவனுக்கு வலிக்கத்தான் செய்தது. வண்டி உயரமாக நிற்பதைப் பார்த்தால் இப்பவும் முகம் சுண்டிப்போகிறது.

அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். காரை இறக்கும் ஆசை உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மெக்சிகோ வம்சாவளிப் பையன்கள் எழுபது, எண்பது வருடத்துக்கு முன்பே அப்படி ஓட்டினார்கள். சக்கர விளிம்புக்குக் கீழே வண்டியின் உடம்பு இறங்கக் கூடாது என்று 1950களின் கடைசியில் அங்கே சட்டமே வந்தது. நம் நாட்டிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

இறக்காத கார் வைத்திருப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு.

2. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் கோணம் தப்பியிருக்கிறது. பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் இப்படி ஆகலாம்.

3. உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போல உறுத்தினால் டோ சரியில்லை.

4. அங்கங்கே குழி விழுந்தது போலத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். சட்டப்படியே அந்த டயரை மாற்ற வேண்டும்.

6. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டை ராட் எதை மாற்றினாலும் அலைன்மென்ட் செய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். டயரின் முழு அகலமும் தெரியும். பின்சக்கரத்தையும் விடாதீர்கள். ஐந்து நிமிட வேலை. இது டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம். செய்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகுட்டிகளோடு பத்திரமாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்