சுருதி இறக்கினால் கிடார் தாங்குமா?

சேர்த்து வைத்த கொஞ்சப் பணத்தோடு முதல் எலெக்ட்ரிக் கிடார் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது மெட்டலுக்கு செட் ஆகுமா?" ஆகாது என்று எந்தக் கடைக்காரரும் சொல்லப் போவதில்லை :) கறுப்பு நிறத்தில், கூரான கொம்போடு ஒன்றை எடுத்து நீட்டுவார். நிறத்துக்கும் கொம்புக்கும் சுருதியோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு தூரம் கீழே இறக்கப் போகிறோம் என்பதுதான்.

ஆறாவது கம்பியை 'ஈ'யிலிருந்து 'டி'க்கு இறக்கினால் அதன் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறைகிறது. 'சி' வரை போனால் 37 சதவீதம். பிளஸ் டூ பிசிக்ஸ் லேபில் சோனாமீட்டரை வைத்துக்கொண்டு படுத்திய அதே சமாச்சாரம். கம்பி தொளதொளவென்று ஆகி ஃப்ரெட்டில் அடிக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும். புதிதாகக் கற்பவருக்கு இது கிடாரின் கோளாறு என்று தெரியாது. தனக்குக் காது சரியில்லை என்று முடிவுகட்டி, வாங்கியதைப் பரண் மேல் போட்டுவிடுவார். பணம் போனதைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

வைத்தியம் இரண்டு. ஒன்று, தடித்த கம்பி. சாதாரண 10-46 செட்டுக்குப் பதில் 12-56 போட்டால், 'சி'யிலும் ஆறாவது கம்பி கிட்டத்தட்ட பழைய விறைப்பில் நிற்கும். செலவு ஒரு செட் கம்பிதான். இரண்டு, நீளமான ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள தூரம். கிப்சன் பாணியில் 24.75 அங்குலம், ஃபெண்டர் பாணியில் 25.5. இந்த முக்கால் அங்குலத்துக்குக் கிடைப்பது 6 சதவீத இழுவிசை மட்டுமே. 27 அங்குல பாரிட்டோனுக்குப் போனால் இன்னும் 12 சதவீதம். ஸ்குவயரில் மலிவாகவே அப்படி ஒன்று வந்திருக்கிறது.

இந்தக் கணக்குக்கெல்லாம் அடங்காதவர் பிளாக் சபாத்தின் டோனி ஐயோமி. 1965ல் பர்மிங்காம் தொழிற்சாலையில், வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் போயின. இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார். 1971ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாடல்களை 'சி ஷார்ப்' வரை இறக்கினார். அதுவும் 24.75 அங்குல ஸ்கேலில்! அந்தத் தளர்ச்சிதான் அவருடைய சப்தமே. ஆனால் அவர் ரிஃப் பெரும்பாலும் யானை நடை. வேகமான பாம் மியூட்டை அதே தளர்ந்த கம்பியில் அடித்தால் கஞ்சி மாதிரி கொழகொழக்கும்.

மலிவு கிடார் காலை வாரும் இடங்கள் வேறு. முதல் வில்லன் ஃப்ளாய்ட் ரோஸ் பாணி ஆடும் பிரிட்ஜ். கம்பியின் தடிமனையோ சுருதியையோ மாற்றினால் பின்னால் உள்ள ஸ்பிரிங்கையும் சரிசெய்ய வேண்டும், பிரிட்ஜ் ஒரு பக்கம் சாயும், ஒரு கம்பியைத் தொட்டால் ஐந்தும் கலையும். பார்க்க ஜோராக இருக்கும்தான். ஆனால் சுருதி இறக்குகிறவருக்கு ஆடாத பிரிட்ஜே போதும். அடுத்து நட். அதன் பள்ளம் மெல்லிய கம்பிக்காக வெட்டியது. 56 அதில் இறங்காமல் மேலே நிற்கும். தெரிந்தவரிடம் கொடுத்து அரம் போட்டு, கழுத்தின் வளைவையும் இன்டொனேஷனையும் சரிபார்க்க வேண்டும். விலையுயர்ந்த மாடலுக்குத் தாவுவதைவிட இந்த செட்டப்புக்குப் பணம் ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

ஏழு கம்பி கிடார்? அதன் கீழ் 'பி' 61.7 ஹெர்ட்ஸ். ஆறு கம்பியை 'சி'க்கு இறக்கினால் 65.4. அரை ஸ்வரம்தான் வித்தியாசம், அதற்காக அகலமான கழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். 1994ல் வந்த கார்னின் முதல் ஆல்பம் போல 'ஏ' வரை போக ஆசையென்றால் மட்டும் ஐபனீஸ் ஜியோ, ஜாக்ஸன் ஜேஎஸ் வரிசைகளில் உள்ள ஏழு கம்பிகளைப் பார்க்கலாம்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. கிடாரை வேண்டிய சுருதிக்கு இறக்கச் சொல்லி, ஆறாவது கம்பியை ஓங்கி அடித்து ட்யூனரைப் பார்க்க வேண்டும். முள் மேலே எகிறிப்போய் மெதுவாகத் திரும்பி வந்தால் கம்பி போதாது. தடித்த செட் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகு விலை பேசலாம்.