ஊசியும் நூலும் மெழுகும்

சென்ற கோடை விடுமுறைக்கு ஸ்ரீவைகுண்டம் வந்த என் பேத்தி கையோடு ஒரு பெட்டியும் கொண்டு வந்தாள். வீட்டிலேயே மணிமாலை கோக்கப் பழகப் போகிறாளாம். திறந்து காட்டினாள். மூன்று தினுசுக் குறடு, கத்தரி, கொக்கிகள், வளையங்கள், நசுக்கி இறுக்குவதற்குக் கடுகளவு குழல்மணிகள், தங்கூசிச் சுருள், ஐந்தாறு நிறத்தில் கண்ணாடிப் பாசி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை. எனக்குப் பல் வைத்தியரின் மேஜை ஞாபகம் வந்தது.

"இதெல்லாம் இல்லாம அந்தக் காலத்துல எப்படி ஆச்சி கோத்தீங்க?" என்று கேட்டாள்.

நான் கோத்ததில்லை. என் அம்மா கோத்ததைப் பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு முறை.

அம்மாவுக்கு ஒற்றைச் சர முத்துமாலை ஒன்று இருந்தது. 1957-ல் தாத்தா தூத்துக்குடியில் வாங்கிக் கொடுத்தது. எங்களூருக்குக் கிழக்கே இருக்கும் கொற்கைதான் பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம். கடல் விலகிப் போய், இன்று அது வயல்களுக்கு நடுவே ஒரு கிராமம். முத்து வியாபாரம் பின்னாளில் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. முத்துக்குளிப்பு வருஷந்தோறும் நடக்கிற திருவிழா அல்ல. கடலடிப் பார்களில் சிப்பி விளைந்திருந்தால்தான் சர்க்கார் குளிப்புக்கு நாள் குறிக்கும். 1955-ல் தொடங்கிய வரிசை 1961-ல் நின்றது. அதற்கப்புறம் அங்கே குளிப்பே இல்லை.

எடுத்த முத்தை அளவு பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. ஒரே அளவுப் பாத்திரம்தான். ஒன்றில் 20 கண், மற்றொன்றில் 30, இப்படியே ஏறி 1000 கண் வரைக்கும் பத்துச் சல்லடைகள். கண் குறைந்த சல்லடையில் தங்குவது பெரிய முத்து. துளை போடுகிறவர் மரக்கட்டையில் குழிகள் செதுக்கி, அவற்றில் முத்தைப் பதித்து, வில்லை இழுத்துத் துளையிடுவார். பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர் இருக்கும். விரலை அதில் தோய்த்து, சூடேறாமல் முத்தை நனைத்துக் கொண்டே இருக்க வேண்டும். துளை பெரிதானால் முத்தின் எடை போய்விடும். எடை போனால் விலை போய்விடும். அதனால் மயிரிழை நுழைகிற அளவுக்குத்தான் துளை. இந்தச் சின்னத் துளைதான் பிற்பாடு அம்மாவைப் படுத்திற்று.

1966-ல் அண்ணனைப் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அப்பாவிடம் பணம் இல்லை. அம்மா மாலையைக் கழற்றிக் கொண்டு, என்னையும் துணைக்கு அழைத்துக் கொண்டு அடகுக் கடைக்குப் போனாள். முத்துக்களைத் தங்கக் கம்பியில் கட்டி, இடையிடையே தங்கமணி வைத்த மாலை அது. வீட்டில் அதற்கு மிஞ்சின சொத்து கிடையாது என்பது எங்கள் எண்ணம்.

கடைக்காரர் தராசில் வைத்தார், எடுத்தார். "முத்துக்கெல்லாம் எடை கிடையாதும்மா. அதைக் கழிச்சுட்டுத்தான் கணக்கு" என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானா முத்தைக் கழட்டிக் குடுத்துருங்க ஐயா" என்றாள்.

அவர் குறட்டை எடுத்து ஒவ்வொரு வளையமாக வெட்டினார். 52 முத்து. அம்மா எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்து கொண்டாள். தெரு முனை வரும் வரை அந்த முடிச்சைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் சுளகை எடுத்து வைத்து, முத்து உருண்டோடாமல் அப்பாவின் பழைய வேஷ்டியை மடித்து அதன்மேல் விரித்தாள். கடைத்தெருவில் வாங்கிய வெள்ளைப் பட்டுநூல், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேன்மெழுகு ஒரு துண்டு. நூலை மெழுகின்மேல் மூன்று தரம் இழுத்தாள். பிரியாமல் விறைப்பாக நிற்பதற்கு. ஆனால் வீட்டிலிருந்த ஊசி ஒன்றாவது முத்துக்குள் நுழைய வேண்டுமே! கடைசியில், ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் நான் போய் மெல்லிய தாமிரக் கம்பி வாங்கி வந்தேன். அதை இரண்டாக மடித்து, மடிப்புக்குள் நூலைக் கொடுத்து முறுக்கினாள். அதுதான் ஊசி. துளைக்குள் போகும்போது காது தானாக ஒடுங்கிக் கொள்ளும்.

ஒரு முத்து, ஒரு முடிச்சு. நூலைச் சுருக்கிட்டு, சுருக்குக்குள் கோணி ஊசியை விட்டு, முத்தை ஒட்டிக் கொண்டுபோய், ஊசியை உருவிக் கொண்டே இறுக்க வேண்டும். ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் இடைவெளி இளிக்கும். பிரித்து மறுபடி போட வேண்டும். முடிச்சிருந்தால் முத்தோடு முத்து உரசாது. அறுந்தாலும் எல்லாம் சிதறிப் போகாது. முடிச்சுகள் நூலை விழுங்குவதால் மாலையைப் போல் இரண்டு பங்குக்கு மேலேயே நூல் வேண்டியிருந்தது. சமையல் முடிந்த பிறகு உட்கார்ந்து நாலு நாள் கோத்தாள்.

பக்கத்து வீட்டு மதினி பார்த்துவிட்டு, "தங்கம் எங்கே போச்சு?" என்று கேட்டாள்.

"முத்து பட்டுநூல்லதான் மதினி கிடக்கணும். அப்பத்தான் கழுத்தோட ஒட்டி விழும்" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

அது மானத்தை மறைக்கச் சொன்ன பொய் என்று நினைத்தேன். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, நல்ல முத்தைப் பட்டுநூலில் முடிச்சிட்டுக் கோப்பதுதான் உலகெங்கும் வழக்கம் என்று. அம்மாவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள். அது உண்மையாகவும் இருந்துவிட்டது.

அண்ணன் படித்தான். தங்கம் மீளவில்லை.

பேத்தியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து மாலையை எடுத்தேன். பட்டுநூல் மஞ்சளாகி நைந்திருந்தது. சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை நான் மாற்றவில்லை. அவள் ஒரு முத்தைப் பல்லில் உரசிப் பார்த்தாள், நறநறத்தது. நிஜ முத்தின் அடையாளம் அது. இன்று கடைகளில் விற்பது பெரும்பாலும் வளர்ப்பு முத்து. அதையும் நம் நாட்டில் 1973-ல் தூத்துக்குடி விஞ்ஞானிகளே உருவாக்கிக் காட்டினார்கள். வளர்ப்பு முத்தும் பல்லில் நறநறக்கத்தான் செய்யும். கண்ணாடி முத்து வழுக்கும்.

தங்கூசியில் கோக்கலாமா என்று கேட்டாள். கண்ணாடிப் பாசிக்கு அது போதும். முத்து அதில் விறைத்து நிற்கும் என்றேன். பட்டுநூல் வாங்கி வந்தோம். அவள் பெட்டியில் எட்டு ஊசிகள் இருந்தன. ஒன்றும் நுழையவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, கெட்டுப்போன காதுப்பாட்டுக் கம்பி ஒன்றைத் தேடி எடுத்து, மேல்தோலைக் கத்தரியால் சீவி, உள்ளிருந்து தாமிர இழை ஒன்றை உருவினாள்.

இதை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நாலு முத்து ஏறியிருக்கிறது. மூன்றாவது முடிச்சைப் பிரித்துக் கொண்டிருக்கிறாள்.