கண்ணாடி எழுதுதல்

கண்ணாடிக்கு நிறமில்லை. நிறமற்ற ஒன்றை நிறங்களைக் கொண்டே எழுதிக் காட்டவேண்டும் என்பதுதான் சிறு பதுமைகளுக்கு வர்ணந் தீட்டுவோர்க்கு நேரும் பெருஞ் சங்கடம். அதிலும், 54 மில்லிமீட்டர் உயரமேயுள்ள உலோகப் பதுமையொன்று தன் கையில் மிளகினுஞ் சற்றே பெரிய குப்பியை ஏந்தி நிற்குமாயின், அச்சங்கடம் இரட்டிக்கின்றது. யாம் அதில் அகப்பட்ட வரலாற்றை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

எம் கல்லூரியின் ரசாயனப் பரிசோதனைச் சாலையில் நெடுங்காலம் பணியாற்றி, குடுவைகளைக் கழுவியும் துடைத்தும் அடுக்கியும் வந்த பெரியவர் ஒருவர் ஓய்வுபெறும் நாள் அணுகிற்று. அவருக்கு யாம் ஒரு கடன் பட்டிருந்தோம். முதலாண்டில் எம் கைதவறிப் பியூரெட் ஒன்று உடைந்தது. அச்சத்தால் வாய்திறவாது துண்டுகளைக் குப்பையிற் சேர்த்துவிட்டோம். அதன் விலை அவர் சம்பளத்திற் பிடிக்கப்பட்டதென்பதை மூன்றாம் ஆண்டிலேதான் அறிந்தோம். பணமாகக் கொடுத்தால் வாங்கார். வாய்விட்டுச் சொல்லவோ நா எழவில்லை. ஆகவே, குப்பியேந்திய பழங்கால ஐரோப்பிய இரசவாதியின் பதுமையொன்றை வரவழைத்து, வர்ணந் தீட்டி அவரிடம் அளித்து, அவ்வமயம் உண்மையையும் உரைத்துவிடுவதென்று உறுதி செய்தோம்.

அங்கியும் தாடியும் இரண்டே மாலைகளில் முடிந்தன. குப்பியில் மயில்துத்தக் கரைசல் முக்காலளவு நிற்பதாகக் காட்டக் கருதி, உருண்டைப் பொருள்களுக்குச் செய்யும் வழக்கப்படி மேலே வெளிர்நீலமும் கீழே கருநீலமுமாகத் தீட்டினோம். இரசவாதி ஒரு நீலக் கோலிக்குண்டை ஏந்தி நின்றான்!

மறுநாள், உருண்டையடிக் குடுவை ஒன்றில் அக்கரைசலையே ஊற்றிச் சாளரத்துக்கு எதிரே பிடித்து நோக்கினோம். மூன்றாண்டுகள் குடுவைகளைக் கையாண்டும், அன்றுதான் குடுவையொன்றைக் கண்டோம் என்றல் வேண்டும். வெளிச்சம் புகும் பக்கம் இருண்டிருந்தது. அதற்கு எதிர்ப்புறத்து அடிப்பாகமே ஒளிர்ந்தது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. உருண்டையாய் நிற்கும் நீர் ஒரு குவிவில்லையாகி, புகுந்த கிரணங்களை மறுபுறத்திற் குவிக்கின்றது. இதனைப் பௌதிகப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். எழுதியவர் கண்டதில்லை, அவ்வளவே. சாளரத்தின் சிறு வெண்பிம்பம் ஒன்றுமட்டும் வெளிச்சம் வரும் பக்கத்துக் கண்ணாடியின்மீது மின்னிற்று. கரைசலின் விளிம்பு, கண்ணாடியைத் தொடுமிடத்திற் சற்றே ஏறி, மெல்லிய ஒளிக்கோடாய்த் தோன்றிற்று.

ஸ்பெயின் தேசத்து ஓவியர் வெலாஸ்குவெஸ், இருபது வயதையொட்டிய இளம்பருவத்தில், ஏறக்குறைய 1620-இல் தண்ணீர் விற்கும் செவில் நகரத்து முதியவன் ஒருவனை எழுதினார். அப்படம் இப்பொழுது லண்டன் ஆப்ஸ்லி மாளிகையில் இருக்கின்றது; யாம் அச்சுப் பிரதியிலேயே கண்டோம். நீர் நிறைந்த கண்ணாடிக் கோப்பையும், சுவைக்காக அதனுள் இட்ட அத்திப்பழமும் அதில் உண்டு. கோப்பையை எழுத அவர் பெரிதும் செலவிட்டது பின்னணியின் இருளையே.

அவ்வழியே யாமும் சென்றோம். குப்பியின் வெறுங் கழுத்தில், அதற்குப் பின்னே தெரியும் அங்கியின் பழுப்பையே பூசினோம். கீழே கருநீலம் இட்டு, நீர்விட்டுத் தளர்த்திய வர்ணத்தை ஆறு பூச்சுகளாக, வெளிச்சத்துக்கு எதிர்ப்புறம் நோக்கி வெளிறிக்கொண்டே போகும்படி ஏற்றினோம். ஒரு கோடு, ஒரு வெண்புள்ளி. பதுமை முழுதும் மங்கலாயிருக்க, குப்பிக்கு மட்டும் பளபளக்கும் வார்னிஷ் தடவினோம். கோலிக்குண்டு மறைந்தது, மயில்துத்தம் நின்றது. நள்ளிரவில் அறைத்தோழரை எழுப்பிக் காட்டினோம். அவர் மகிழ்ந்ததாக நினைவில்லை.

குப்பியேந்திய கை தனி வார்ப்பு. விழாவுக்கு முந்தின இரவு அதனைச் சயனோஅக்ரிலேட் பசையால் ஒட்டி, தூசி படாதிருக்க உடனே பெட்டியுள் மூடிவைத்தோம். அப்பசையின் ஆவி அருகிலுள்ள பரப்பின்மீது வெண்படலமாய்ப் படியும் இயல்பினது. மூடிய பெட்டியில் அஃது போக வழியேது? காலையில் குப்பி பனிமூடிக் கிடந்தது. மீண்டும் வார்னிஷ் பூசப் பெரும்பாலும் மறைந்தது. கழுத்தோரத்தில் மட்டும் ஒரு வெண்கறை எஞ்சிற்று.

பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பதுமையைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, இதைக் கடைசியிலே வாலைநீர் விட்டு அலசவில்லையே. உப்புக்கறை நிற்கிறது, பாருங்கள்” என்றார். என்றவர், குப்பியின்மேல் வாயால் ஊதி, தோள்துண்டின் முனையாற் துடைக்கலானார்.

அது கறையன்று, எம் அவசரம் என்றோம். அத்துடன் முதலாண்டுச் செய்தியையும் ஒருவாறு சொல்லி முடித்தோம்.

“எது தம்பி, பியூரெட்டா? அந்த வருஷம் மூன்று போயிற்றே” என்றார். துடைப்பதை அவர் நிறுத்தவில்லை.