இரண்டு கார்புரேட்டர், ஒரே மூச்சு

கார்புரேட்டர் என்றால் என்னவென்று இன்று லைசென்ஸ் எடுக்கும் பிள்ளைகளைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. அவர்கள் ஓட்டும் காரில் அது இல்லை. ஆனால், நம் குடும்பங்களில் முதன்முதலாக வாங்கிய கார்கள் பலவற்றில் இருந்தது. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994இல் வந்த கஞ்சிலிலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டியது அதுதான்.

புக்கிட் செலம்பாவில் அப்பா நடத்தும் சிறிய பட்டறையில் அந்த வேலை இன்னமும் நடக்கிறது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளை அவர். டிராக்டரும் லாரியும் பழுதுபார்க்கும் தோட்டத்துக் கொட்டகையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து தொழில் பழகியவர். நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். விடுமுறை நாள்களில் பட்டறைக்குப் போய்விடுவேன்.

அங்கே வரும் பழைய கார்களில் எனக்குப் பிடித்தது மினி கூப்பர் எஸ். 1964இல் மான்டே கார்லோ ராலியில் பெரிய கார்களைத் தோற்கடித்த அதே வகை. அதில் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு உண்டு. அதைக் கண்டுபிடித்த இங்கிலாந்தின் ஸ்கின்னர் குடும்பம் காலணி வியாபாரம் செய்தது. ஆரம்ப கால எஸ்.யூ. கார்புரேட்டரில் தோலால் செய்த துருத்தி இருந்ததாம். பிற்பாடு அந்த இடத்துக்கு உலோகப் பிஸ்டன் வந்தது.

எதற்கு இரண்டு? இஞ்சின் வேகமாகச் சுற்றும்போது நிறைய காற்று வேண்டும். ஒரே வாய் போதாது. அமெரிக்காவில் பந்தய வி8 இஞ்சின்களில் இன்னும் ஒரு படி மேலே போய், உயரமான மேனிபோல்டின் தலையில் நான்கு வாய் கொண்ட கார்புரேட்டர் இரண்டைப் பொருத்துவார்கள். அதற்கு ‘டனல் ராம்’ என்று பெயர். வேகம் ஏறினால் பறக்கும். மெதுவாக ஓடும்போதோ அந்தப் பெரிய குழாய்களில் காற்று சோம்பலாகப் போவதால், பெட்ரோல் அதில் சரியாகக் கலக்காமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், இஞ்சின் இருமும். மினியோ வி8ஓ, அடிப்படை விதி ஒன்றுதான்: இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு மூச்சு விட வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், அவை ஒத்துப்போகாவிட்டாலும் கார் ஓடும். மினியில் ஒவ்வொரு கார்புரேட்டரும் இரண்டு சிலிண்டர்களைக் கவனித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் பெட்ரோல் கூடி, மறுபக்கம் குறைந்தால், புகைக்குழாயில் இரண்டும் கலந்து சராசரி சரியாகவே தெரியும். உள்ளே ஒரு ஜோடி பிளக்கில் கரி பிடிக்கும். இன்னொரு ஜோடி சூட்டில் வெளுத்துப்போகும். என் தொழிற்சாலை வேலையிலும் நான் பார்ப்பது இதைத்தான். சராசரி எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்தால் அதற்குள் இருக்கும் கோளாறு தெரியாது.

அதனால் அப்பா எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைத் தொட மாட்டார். வால்வு இடைவெளி, பிளக், பாயிண்ட், டைமிங் எல்லாம் பார்ப்பார். மேனிபோல்டில் காற்று கசிகிறதா என்று சோதிப்பார். பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டக்’கென்று உட்கார வேண்டும். பிறகு இஞ்சினைச் சூடேற்றி, இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பியின் பிடியைத் தளர்த்துவார். ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்காமல் இருக்க இதுதான் வழி.

அடுத்து வருவது ஒரு துண்டு ரப்பர் குழாய். ஒரு நுனி காதில், மறு நுனி கார்புரேட்டரின் வாயில். ‘உஸ்ஸ்’ என்ற காற்றுச் சத்தம் இரண்டிலும் ஒன்றாகும் வரை திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அதன்பிறகே பெட்ரோல் அளவு. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தினால் இஞ்சினே பதில் சொல்லும். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே விழுந்தால் குறைவு. லேசாக ஏறி மறுபடி அடங்கினால் சரி. கீழே இருக்கும் ஆறு பட்டை நட்டை ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான் திருப்ப வேண்டும். கடைசியில் மறுபடியும் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, கம்பியை முடுக்க வேண்டும்.

அப்பா இதை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். சுங்கைப் பட்டாணியிலிருந்தெல்லாம் கார் தேடி வருவது அவருடைய காதை நம்பித்தான்.

போன வருஷம் ஒரு மினி, டியூன் செய்து போன இரண்டே வாரத்தில் திரும்பி வந்தது. நின்ற இடத்தில் நடுங்குகிறது என்றார் கார்க்காரர். அப்பா மறுபடி குழாயை வைத்துக் கேட்டார். “ரெண்டும் ஒன்னாத்தான் இருக்கு” என்றார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. காற்றின் அளவைக் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. வைத்துப் பார்த்தேன். ஒன்றில் முள் நான்கில் நின்றது, மற்றதில் ஆறில்.

என்ன சொல்வது என்று தெரியவில்லை. மீட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். அவரே இரண்டு வாயிலும் வைத்துப் பார்த்தார். பிறகு குழாயை எடுத்து, எப்போதும் வைக்கும் வலது காதை விட்டு இடது காதில் வைத்தார். வெகுநேரம் கேட்டார்.

“ஆமாம்மா, வித்தியாசம் இருக்கு” என்றார். அவ்வளவுதான். அன்று அந்த மினியை நான் முடித்தேன். கார்க்காரரிடம் அவர் கூலி வாங்கவில்லை.

மருத்துவமனையில் காதுப் பரிசோதனை செய்தோம். வலது காதில் கூர்மையான சத்தங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இரைச்சலில் கெடும் காது முதலில் இழப்பது அந்தக் கூர்மையான சத்தங்களைத்தான். பேச்சு கேட்கும், ரேடியோ கேட்கும், கதவு தட்டினால் கேட்கும். குழாயின் ‘உஸ்ஸ்’ மட்டும் நழுவிப்போகும். டிராக்டர், கிரைண்டர், சுத்தியல் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்ட காது அது. நல்ல காது மற்றதன் சுமையையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்ததால், வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

“கம்பியைத் தளத்தாம டியூன் பண்ணா இப்படித்தான்” என்று மருத்துவமனை வாசலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நாள் பட்டறையைச் சாத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. அம்மாவும் அதையே சொன்னார். அப்பா மறுத்துப் பேசவில்லை. காலையில் எழுந்து வழக்கம்போல் கதவைத் திறந்துவிட்டார். இப்போது வலது காதில் கருவி மாட்டியிருக்கிறார். காற்றளவுக்கு மீட்டர். பிஸ்டனை உயர்த்திப் பார்க்கும் சோதனைக்கு அவர் இஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறார். வேகம் ஏறுவதையும் விழுவதையும் கை சொல்லிவிடுகிறதாம். நான் உயர்த்துவேன், அவர் “கூட”, “கொறைய”, “சரி” என்பார். மீட்டரும் அவர் கையும் இதுவரை முரண்பட்டதில்லை.

பட்டறையில் எஸ்.பி.எம். முடித்த பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். முதல் நாளே அப்பா அவனிடம் கொடுத்தது ஸ்பானர் இல்லை, காதுக்கவசம். கிரைண்டரைத் தொட்டால் அதைப் போட்டே ஆக வேண்டும். சட்டமும் இருக்கிறது: 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை. ஆனால், நம் சிறிய பட்டறைகளில் அளந்து பார்ப்பவர் யார்?

பட்டறை, ஆலை, மரவேலை என்று இரைச்சலில் உழைப்பவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினால் கிண்டல் செய்யாதீர்கள். ஒரு நாள் லீவு போட்டு, காதைப் பரிசோதிக்கக் கூட்டிப் போங்கள். இரண்டு காதையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.